முப்பது மில்லி

ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால்தான் பன்றி கரண்டில் சாகவில்லை.

விடியும் நேரம். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியைச் சுற்றி மதுரன் கம்பி கட்டி, அதற்கு வீட்டிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தான். பன்றி கம்பியில் மூக்கை வைத்தது. குசினியில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. லைட் அணைந்தது. பிறகு பன்றியின் அலறல்.

மதுரன் கத்தியோடு ஓடினான். பன்றி கம்பியில் சுருண்டு கிடக்கும் என்று நினைத்தான். அது நின்றுகொண்டிருந்தது. அவன் அதை மங்கலில் தேடிக் குனிந்தபோது அது வந்து மோதியது. அவன் கெண்டைக்கால் கிழிந்தது. விழுந்தபடியே கத்தியை அதன் கழுத்தில் இறக்கினான். எடுக்க முடியவில்லை. பன்றி கத்தியையும் அவனையும் பாத்தி நெடுக இழுத்துக்கொண்டு போனது. லீக்ஸ் வேரோடு பிடுங்கி வந்தது. அவன் இன்னொரு கையால் கல்லை எடுத்து அதன் மண்டையில் அடித்தான். கல் வழுக்கும்வரை அடித்தான்.

அவன் மனைவி ஜீவராணி டோர்ச்சோடு வந்தபோது இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று மூச்சு விட்டது. அவள் தலைத்துணியை அவிழ்த்து அவன் காலைக் கட்டக் குனிந்தாள். அவன் ரத்தக்கையால் அவள் வாயில் அடித்தான்.

"உங்கண்ணன் போட்ட சாமான்டி. அது விழாம இருந்தா இது கம்பியிலயே செத்திருக்கும்."

அவள் முடிச்சை இறுக்கினாள். அவன் இன்னொரு தடவை அடித்தான். அவள் முடிச்சை விடவில்லை.

*

ஜீவராணியின் அண்ணன் சிவசாமி அக்கரப்பத்தனை பஜாரில் இருந்தான். வீடுகளுக்கு வயரிங் செய்பவன். இவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்தபோது வயரிங் அவன்தான் செய்தான். மச்சான் காலில் தையல் போட்டு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பாணும் பால்மாவும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்னா மச்சான், பன்னிகிட்ட கடி வாங்குனீங்களாமே."

"கடிக்கல. பல்லால கிழிச்சிருச்சு."

"அது மேல கோவிச்சுக்காதீங்க. மொதல்ல ஷொக் குடுத்தது நீங்கதானே."

மதுரன் சிரிக்கவில்லை. ஜீவராணியின் உதடு வீங்கியிருந்ததைச் சிவசாமி பார்த்தான்.

"இதுவும் பன்னியா?"

"தேத்தண்ணி குடிங்கண்ணே," என்றாள் அவள்.

மதுரன் சுவரைக் காட்டினான். கதவுக்கு மேலே வெள்ளைப் பெட்டி. அதில் கரண்ட் கசிந்தால் வெட்டும் ட்ரிப் சுவிட்ச்.

"அந்தச் சனியன மாத்துங்க. மழை பெஞ்சா விழுது. கேத்தல் வச்சா விழுது. பன்னி மூக்க வச்சா விழுது."

"கேத்தல் பழுது. தூக்கி வீசுங்க. இருட்டாகாம இருக்கணும்னா சொல்லுங்க, முன்னால நூறு மில்லி அம்பியர்ல மெதுவா விழுறது ஒண்ணு போட்டு, உள்ள லைட்டுக்குத் தனியா குசினிக்குத் தனியா முப்பது முப்பது போட்டுத் தாறேன். கேத்தல் கசிஞ்சா குசினி மட்டும் நிக்கும்."

"இப்ப இருக்கிறது எத்தினி மில்லி?"

"முப்பது."

மதுரன் இப்போது சிரித்தான். "முப்பது மில்லி எந்த ஆம்பளைக்குப் பத்தும்? முந்நூறு மில்லி இருக்காம்ல கடையில."

"இது சாராயம் இல்ல மச்சான். கூடக் கூட ஆபத்து. முப்பதுன்னா அவ்வளவு கசிஞ்ச ஒடனேயே வெட்டிரும். முந்நூறுன்னா முந்நூறு கசியிற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கும். ஆளு சாக அவ்வளவு வேணாம்."

"பிரேக்கர் இருக்குல்ல?"

"இந்த மண்ணுல பிரேக்கர் விழாது. எர்த் கம்பி எறக்குனப்ப நீங்களும்தான் கூட நின்னீங்க. மொழங்கால் ஆழத்துல கல்லு. கரியும் உப்பும் கொட்டிப் பொதச்சேன். அப்பவும் மீட்டர் காட்டுனது எனக்குப் புடிக்கல. கரண்ட் மண்ணுக்குள்ள போக வழி இல்ல. வழி இல்லாட்டி பிரேக்கருக்கு ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு நிக்கும். இந்த வீட்ல ஆளக் காப்பாத்த இருக்கிறது அந்த ஒரு சாமான்தான்."

"எனக்கு ஆளு வேணாம். பன்னி வேணும்."

"பாப்பா பல்லு வெளக்குற பைப்பு எங்க இருக்கு? உங்க கம்பிக்கும் அதுக்கும் எம்புட்டு தூரம்?"

பாப்பா என்றது அவர்கள் மகள் ஷாமிலாவை. அவள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

சிவசாமி தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தான். பையிலிருந்து குறட்டை எடுத்தான். பெட்டியில் சுவிட்சை இறக்கினான். பின்கதவால் போய்க் கம்பியை வெட்டினான். பாத்தியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கட்டையிலும் வெட்டினான்.

மதுரன் நொண்டிக்கொண்டு வந்தான். ஊன்றியிருந்த கட்டை ஒன்றைப் பிடுங்கினான். சிவசாமி திரும்பியபோது கட்டை வாயில் விழுந்தது.

சிவசாமி உட்கார்ந்தான். இரண்டாவது அடி தோளில். அவன் உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தையல் போட்ட இடத்தில் உதைத்தான். மதுரன் கத்திக்கொண்டு அவன் மேலேயே விழுந்தான். இருவரும் சேற்றில் புரண்டார்கள். சிவசாமி கட்டுத் துணிக்குள் விரலை விட்டு இழுத்தான். மதுரன் அவன் காதைப் பிடித்துத் தலையைக் கல்லில் மோதினான். ஜீவராணி இடையில் புகுந்தாள். யாருடைய முழங்கை என்று தெரியாது, அது அவள் விலாவில் இறங்கியது.

கடைசியில் மூச்சு வாங்கி இருவரும் விலகினார்கள். சிவசாமி வாய்க்குள் விரலை விட்டு ஒரு பல்லை எடுத்தான். பார்த்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்," என்றான்.

தங்கையிடம் மட்டும் குரலை இறக்கிச் சொன்னான். "ஜீவா, ட்ரிப் சுவிட்சுல பட்டன் இருக்குல்ல, தெனம் காலையில அமுக்கிப் பாரு. விழணும். நம்பரப் பாரு. முப்பது."

*

தையலை மறுபடி போட்டார்கள். கால் ஆறியதும் மதுரன் ஹட்டனுக்குப் போனான்.

கடைக்காரர் இரண்டு சுவிட்சைக் கண்ணாடி மேல் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

"இது முந்நூறு. பெரிய எடத்துல தீப்பிடிக்காம இருக்கப் போடுறது. ஆளக் காப்பாத்தாது. வீட்டுக்குன்னா முப்பது கொண்டு போங்க."

"எனக்குத் தீதான் பயம்," என்றான் மதுரன்.

வரும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் சவர பிளேடு வாங்கினான். சுவிட்சில் 300 என்று நீல எழுத்தில் இருந்தது. கடைசி சைபரை மெதுவாகச் சுரண்டினான். துணியால் துடைத்தான். பிறகு பஸ்ஸில் ஏறினான்.

வீட்டில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். ஜீவராணி கீழே நின்று பார்த்தாள்.

"பழசு பழுது. அதான் சும்மா சும்மா விழுந்திருக்கு. இது புதுசு. கடைக்காரரே எடுத்துக் குடுத்தாரு."

"எத்தினி மில்லி?"

"உங்கண்ணன் சொன்னதுதான். வந்து பாரு."

அவள் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். முப்பது. பட்டனை அமுக்கினாள். சட்டென்று விழுந்தது. லைட் அணைந்தது. மேலே தள்ளினாள். லைட் வந்தது.

அடுத்த நாள் அவன் கம்பியை மறுபடி இழுத்தான்.

"ஆளு பட்டா?" என்று கேட்டாள்.

"பட்டா விழும். நீதானே அமுக்கிப் பாத்த."

அவள் தினமும் அமுக்கினாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் ஸ்டூலில் ஏறி, அமுக்கி, இருட்டாவதைப் பார்த்து, மேலே தள்ளிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். மழை பெய்தும் லைட் போகவில்லை. கேத்தல் வைத்தும் போகவில்லை. நல்ல சாமான் என்று நினைத்தாள். மதுரன் மட்டும் இப்போதெல்லாம் பின்பக்கம் போனால் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போனான். காலில் காயம் இருந்தவன், அதனால்தான் என்று நினைத்தாள்.

*

பன்றி வரவில்லை. நாய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் இருந்து தூறல். ஜீவராணி ரேடியோவைப் போட்டுவிட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு கேவல். பிறகு ஒன்றுமில்லை. முடி கருகும் வாசம் வந்தது. பின்கதவைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் நாய். கம்பியைக் கடித்தபடி நின்றது. நான்கு காலும் விறைத்து நடுங்கின. வாயோரம் புகைந்தது. பிறகு பின்கால்கள் மடங்கின. தலை மட்டும் கம்பியில் தொங்கியது.

"பாப்பா, படிய விட்டு எறங்காத!" என்று கத்தினாள். ஷாமிலா பிரஷ்ஷோடு படியில் நின்றாள்.

மதுரன் கம்பூட்ஸோடு வந்தான். காய்ந்த கம்பு ஒன்றால் நாயைத் தூக்கி இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலிக்கு அப்பால் எறிந்தான். அது பேச்சியம்மாவின் வாசலில் விழுந்தது.

பேச்சியம்மா மம்பட்டியோடு வந்தாள். தனியாக இருப்பவள். ஜீவராணியோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள்.

"டேய் மதுரன். என் நாய ஏன்டா கொன்ன?"

"உன் நாய் வந்து வாய வச்சா நான் என்னா பண்றது?"

"கம்பியில கரண்ட் வச்சிருக்க. பொலிசுக்குப் போறேன்."

"போ. அது முப்பது மில்லி. யாரயும் ஒண்ணும் பண்ணாது. என் பொண்டாட்டிகிட்ட கேளு. தெனம் அமுக்கிப் பாக்குறா. உன் நாய் பயத்துல செத்துருச்சு."

"பன்னியப் பாத்துப் பயந்து ஆஸ்பத்திரியில படுத்தது நீ. என் நாய் இல்ல."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். மதுரன் வேலியைத் தாண்டிப் போய்ப் பேச்சியம்மாவை அறைந்தான். அவள் தலைத்துணி கழன்று விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மம்பட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தொட்டுட்ட," என்றாள். "சரி."

அவன் திரும்பித் தன் பக்கம் வந்தான்.

ஜீவராணிக்கு அப்போதுதான் கேட்டது. குசினியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாய் கம்பியைக் கடித்தபோதும் பாடியது. நாய் செத்தபோதும் பாடியது. நிற்கவே இல்லை.

உள்ளே போனாள். ஸ்டூலில் ஏறினாள். முப்பது என்று இருந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். 30க்குப் பிறகு ஓர் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பளபளப்பில்லை. நகத்தை வைத்து இழுத்தாள். நகம் சொரசொரவென்று போனது.

இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். ஈரப்புல்லில் நடந்து கம்பியின் கிட்டே போய் நின்றாள். கையை அதற்கு மேலே நீட்டினாள்.

"என்னங்க. இது முப்பதுதானே?"

மதுரன் அவளைப் பார்த்தான். பிறகு வேலிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்தான். ஒருவர் கையில் ஃபோன் இருந்தது.

"முப்பதுதான்."

"அப்ப புடிக்கட்டா?"

தூறல் கம்பியில் துளித்துளியாகக் கட்டி நின்றது. படியில் ஷாமிலா, "அம்மா," என்றாள்.

"புடி," என்றான் மதுரன்.

ஜீவராணி கையை நீட்டியபடியே நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"நீங்க புடிங்க," என்றாள். "கம்பூட்ஸ கழட்டிட்டு."

வேலிக்கு அப்பால் ஒருவரும் சிரிக்கவில்லை.

மதுரன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "எல்லாரு முன்னாலயும் மானத்த வாங்குறியா? புடின்னா புடி." கையைக் கீழே அழுத்தினான். அவள் குதிகாலை மண்ணில் ஊன்றினாள். கால் வழுக்கியது. அவள் அவன் தோளைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது. அவன் விடவில்லை. முழங்காலால் அவள் வயிற்றில் இடித்து இன்னும் அழுத்தினான். விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் இருந்தது. அவள் விரல்களைச் சுருட்டிக்கொண்டாள்.

பேச்சியம்மா வேலியைச் சுற்றி வரவில்லை. வேலியின் மேலேயே வந்தாள். மம்பட்டியின் பின்பக்கத்தால் அவன் முன்னங்கையில் அடித்தாள். விறகு முறிவது போல் சத்தம் வந்தது. கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். அப்போதும் அவன் மற்றக் கை ஜீவராணியின் முடியைத் தேடியது. பேச்சியம்மா இரண்டாவது அடியை முழங்காலில் போட்டாள். அவன் கம்பியில் படாமல் இந்தப் பக்கமாக விழுந்தான்.

"என் நாய்க்கு ஒண்ணு," என்றாள். "கன்னத்துக்கு ஒண்ணு."

ஜீவராணி வீட்டுக்குள் ஓடிப் பட்டனை அமுக்கினாள். விழுந்தது. ரேடியோ நின்றது.

*

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் வந்தது. வந்த சார்ஜன்ட் சிங்களத்தில் யார் அடித்தது என்று கேட்டார். பேச்சியம்மா, "மங் தமாய்," நான்தான், என்று அதே பாஷையில் சொன்னாள். பிறகு, "எழுதிக்குங்க, ரெண்டு அடி," என்று தமிழில் சேர்த்தாள். அவர் கம்பியையும் நாயையும் ஜீவராணியின் மணிக்கட்டையும் பார்த்தார். கம்பியைச் சுருட்டி ஜீப்பில் போட்டார். ஆஸ்பத்திரியில் கிடப்பவனை அங்கேயே போய்ப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாலையில் சிவசாமி வந்தான். வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றான்.

"வாங்கண்ணே."

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அவரு இல்ல."

"அவரு இருந்தாலும் இல்லாட்டியும் வாசல் வாசல்தான்."

"அப்ப சன்னல் வழியா வாங்க."

அவன் யோசித்தான். வீட்டைச் சுற்றிப் போய் ஜன்னல் சட்டத்தில் காலை வைத்து ஏறினான். பாதியில் மாட்டிக்கொண்டான். ஜீவராணி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே விழுந்து எழுந்தான். ஷாமிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் பையிலிருந்து புதிய சுவிட்சை எடுத்தான். "முப்பது," என்றான்.

ஜீவராணி வாங்கினாள். நம்பரைப் பார்த்தாள். மதுரனின் சவர பிளேடு அலமாரியில் இருந்தது. அதை எடுத்து முப்பதுக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தாள். சுரண்டிய தடம் இல்லை, பளபளப்பாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"என்னயும் நம்பலியா?"

"இல்ல."

"மாட்டிட்டு பட்டன அமுக்கிப் பாரு."

"பட்டன அமுக்குனா முந்நூறும்தான் விழுதுண்ணே."

சிவசாமி பல் போன இடத்தை நாக்கால் தொட்டான். பிறகு சாமி படத்தின் கீழே இருந்த சிவப்புப் பல்பைக் காட்டினான். பழைய காலத்துச் சின்னப் பல்பு, உள்ளே இழை உள்ளது.

"அதக் கழட்டு."

அவன் அதற்கு ஹோல்டரும் இரண்டு வயரும் மாட்டினான். பெட்டியில் இன்னும் எதையும் கழற்றவில்லை. சுரண்டிய சுவிட்ச் அப்படியே இருந்தது; அதை மேலே தள்ளினான். ப்ளக் துளைகளில் வயர் ஒன்றைக் கரண்டிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்தான்.

சிவப்புப் பல்பு எரிந்தது. சுவரில் அவர்கள் நிழல் விழுந்தது.

"கரண்ட் இது வழியா மண்ணுக்குப் போகுது," என்றான். "ஆளு தொட்டா, ஆளு வழியா. பாத்துக்கிட்டு நிக்கிறான் பாரு அந்தப் பெட்டிக்குள்ள, ஒண்ணும் செய்யாம."

பல்பு ஆடாமல் எரிந்தது. ஜீவராணி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நான்கு விரல் பதிந்திருந்தது.

"போதும்ணே. கழட்டுங்க."

அவன் வெளியே மீட்டரடியில் மெயினை இறக்கினான். அதற்கும் ஜன்னல் வழியாகத்தான் போய் வந்தான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். மறுபடி ஏறிப் போய் மெயினைப் போட்டு வந்தான். வீட்டில் லைட் வந்தது.

வயர் இரண்டையும் அவளிடம் நீட்டினான். "ரப்பர் இருக்கிற எடத்துல புடி. நீயே வை."

அவள் ஒன்றைக் கரண்டில் வைத்தாள். மற்றதை எர்த்தில் தொட்டாள்.

பல்பு எரியவில்லை. சட்டென்று ஒரு சத்தம். வீடு இருட்டானது.

வெளியே மலையில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. சிவசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவிட்சை மேலே தள்ளினான். லைட் வந்தது. ஜீவராணி தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். வயர் இரண்டும் அவள் கையில் இருந்தன.

"சரிதானே?" என்றான்.

"இன்னொரு தடவ," என்றாள்.